புதுப்பிப்பு: போன் பழக்கமும் எட்டு அசைவும், 6 கிழமைக்குப் பிறகு

இரவு ரெண்டு மணி மட்டும் ரீல்ஸ் பாத்துக்கொண்டு கிடக்கிறன், காலமை லெக்சரில கண் சொருகுது எண்டு முதல் எழுதினனான் எல்லே, அப்ப ஒரு அக்கா பதுவான்ஜின் எண்ட சீனப் பயிற்சியைச் செய்து பாக்கச் சொன்னவா. ஆறு கிழமையா செய்யுறன். எட்டே எட்டு அசைவு, மூச்சோட சேத்து மெதுவா, 15 நிமிசம் காணும்.

விடிய ஐஞ்சரைக்கு கிளிநொச்சி அறிவியல்நகர் ஹொஸ்டலுக்குப் பின்னால, வெறுங்காலோட, போன் ரூமில. முதல் கிழமை நிண்ட நிலையில கை தன்பாட்டில பொக்கெற்றைத் தேடினது, அப்பதான் விளங்கினது நான் நினைச்சுப் போனை எடுக்கிறேல்ல, கை தானாப் போகுது எண்டு. இப்ப கை போகேக்கையே தெரியுது, நிப்பாட்ட ஏலுது. எனக்கு இது பெரிய விசயம்.

போன் பழக்கத்தை எப்பிடி அளந்தனீ எண்டு கேட்ட தம்பிக்கு: ஸ்மார்ட்போன் அடிமை அளவுகோலிண்ட சுருக்க வடிவம், 2013இல கொரியாவில வந்தது, 10 கேள்வி, ஒவ்வொண்டுக்கும் 1இலயிருந்து 6 புள்ளி. ஆம்பிளையளுக்கு 31, பொம்பிளையளுக்கு 33 தாண்டினா கவனிக்கோணும். எனக்கு 44 இருந்தது, இப்ப 35, இன்னும் கோட்டுக்கு மேலதான். சோதினைக் கிழமை மூண்டு நாள் பயிற்சியை விட்டன், உடன பழையபடி ரீல்ஸ். நித்திரையே வராம மனம் பதறுற ஆக்கள் இதை மட்டும் நம்பாம கவுன்சிலரையும் பாருங்கோ.

இப்ப என்னோட மூண்டு பெடியள் வருகினம். ஞாயிறு காலமை இரணைமடுக் குளக்கட்டில செய்யுறம், கிட்ட இருக்கிற ஆக்கள் வாங்கோ.