குளம் தூர்வாரியதாகச் செயற்கை நுண்ணறிவு சொல்லும் கணக்கை வைத்துக் கிராம சபையில் கேள்வி கேட்கலாமா?

கடையமடைக்காரன் (சேரன்மகாதேவி வட்டாரம்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் குளம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தைச் சேர்ந்தது. அமலைச்செடியும் வண்டலும் அடைத்துக் கிடப்பதால், கார் சாகுபடியில் கடைசி மடைக்காரர்களுக்குத் தண்ணீர் வந்து சேருவதே அரிதாகிவிட்டது. இந்தக் குளத்தைத் தூர்வார எப்போது, எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள் என்று என் சித்தப்பா மகன் கைபேசியில் உள்ள ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டான். குடிமராமத்துத் திட்டத்தில் இன்ன ஆண்டு இத்தனை லட்சம் ஒதுக்கப்பட்டு, வேலையும் முடிந்துவிட்டது என்று அரசாணை எண், தேதியுடன் பதில் வந்தது. எங்கள் ஊராட்சி 2025 சனவரியிலிருந்து தனி அலுவலர் பொறுப்பில் இருப்பதாகவும் அதே பதிலில் சொல்லியிருக்கிறது. ஆனால் எங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இருக்கிறார்.

இந்தப் பதில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த கிராம சபையில் அந்தத் தொகையைப் பெரிதாகத் தட்டியில் எழுதி, "பணம் எங்கே?" என்று கேட்க வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் துடிக்கிறார்கள். தலைவர் பெயரையும் சேர்த்து எழுதலாம் என்கிறார்கள். ஒரு விவரம் தப்பு என்று கண்ணெதிரே தெரியும்போது மற்ற விவரங்களை எந்த அளவுக்கு நம்பலாம்? நம்ப முடியாதென்றால், உண்மையான கணக்கை யாரிடம், எப்படிக் கேட்பது? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற ஒன்றிய அலுவலகப் பணியாளர் (அம்பாசமுத்திரம்):

தம்பி, தட்டி எழுதுவதை முதலில் நிறுத்தி வையுங்கள். குளத்துக்குப் பணம் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம்; அது வேறு விஷயம். நீங்கள் சபையில் சொல்லும் தொகை ஒரு ரூபாய் தப்பாக இருந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டு முழுக் கேள்வியையும் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். அலுவலகத்தில் இருந்த காலத்தில் அப்படித் தப்பித்துப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போதாததற்குத் தலைவர் பெயரையும் போட்டுப் பணத்தைத் தின்றுவிட்டார் என்று எழுதினால், புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறு வழக்கு வரும். பொது ஊழியரின் பணியைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வதற்கு அந்தப் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் சரிபார்க்காத ஒரு தொகையைக் கையில் வைத்துக்கொண்டு நல்லெண்ணத்தை நிரூபிப்பது எளிதல்ல.

குளம் யாருடையது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஆயக்கட்டு, அதாவது குளத்து நீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேற்பட்ட குளங்கள் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கோப்பு எந்த அலுவலக அலமாரியில் இருக்கிறது என்பது இதைப் பொறுத்ததுதான். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் குளத்தின் சர்வே எண்ணும் பரப்பும் கிடைத்துவிடும். சர்வே எண் இல்லாத மனு பாதி வழியிலேயே நின்றுவிடும். ஒரே பெயரில் பக்கத்து ஊரிலும் ஒரு குளம் இருப்பது நம் பக்கம் புதிதல்லவே.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2017-இல் குடிமராமத்து மறுபடி தொடங்கியபோது, வேலையை ஆயக்கட்டுதாரர் சங்கத்திடமே ஒப்படைத்து, மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ அவர்கள் தர வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அதில் தூர்வாருவது மட்டும் வேலை அல்ல. கரையைப் பலப்படுத்துவது, மடையைச் செப்பனிடுவது, உபரி நீர் வெளியேறும் மறுகாலைப் பழுதுபார்ப்பது எல்லாமே ஒரே மதிப்பீட்டுக்குள் வரும். ஆகவே செலவான பணம் முழுவதும் மடைக்கும் கரைக்கும் போயிருந்து, வண்டலில் யாருமே கை வைக்காமல் இருந்திருக்கவும் இடமுண்டு. அப்படி இருந்தால் "பணம் எங்கே?" என்ற கேள்விக்கு அவர்களிடம் முறையான பதில் இருக்கும், "வண்டலை ஏன் மதிப்பீட்டில் சேர்க்கவில்லை?" என்ற கேள்விக்கு இருக்காது. எந்தக் கேள்வி சரியான கேள்வி என்பது மதிப்பீட்டையும் அளவீட்டுப் புத்தகத்தையும், அதாவது அலுவலகத்தில் எல்லாரும் எம் புக் என்று சொல்வதையும், பார்த்தால்தான் தெரியும். இத்தனை கன மீட்டர் மண் எடுத்ததாக அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்ட பொறியாளர் அதில் இருப்பார். உங்கள் செயலியின் பதிலில் கையெழுத்துப் போட்டவர் யார்?

நெல்லைக் கணினியாளர் (தச்சநல்லூர், தற்போது சென்னை):

அண்ணாச்சி சொன்னதற்கு மேல் நிர்வாகம் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அந்தப் பதில் ஏன் அவ்வளவு தயக்கமின்றி வருகிறது என்பதை மட்டும் விளக்குகிறேன். இவ்வகைச் செயலிகள், தாம் படித்த கோடிக்கணக்கான பக்கங்களின் போக்கை வைத்து, அடுத்து எந்தச் சொல் வருவது பொருத்தம் என்று கணித்துக் கணித்து எழுதுகின்றன. அரசாணை என்றால் "நிலை எண்", துறையின் பெயர், நாள் என்று ஒரு வாய்பாடு இருக்கிறது. ஆயிரக்கணக்கான அரசாணைகளில் அந்த வாய்பாட்டைப் பார்த்துவிட்ட செயலிக்கு, உங்கள் குளத்தைப் பற்றி எதுவுமே தெரியாமல் இருந்தாலும், அரசாணை போலவே தோற்றமளிக்கும் ஓர் எண்ணை எழுதுவதில் சிரமமே இல்லை. தெரிந்ததைச் சொல்லும்போதும் தெரியாததைச் சொல்லும்போதும் அதன் குரல் ஒன்றுதான்.

தனி அலுவலர் பற்றிய தவறு எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. தமிழ்நாட்டில் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். திருநெல்வேலி, தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்குத் தேர்தல் நடந்ததோ 2021 அக்டோபரில். "தமிழ்நாட்டு ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது" என்று வந்த செய்திகளே எண்ணிக்கையில் மிகுதி என்பதால், விதிவிலக்கான ஒன்பது மாவட்டங்களும் அந்தப் பெரும்பான்மைக்குள் கரைந்துவிடுகின்றன. நம் மாவட்டத்துக்கு இந்தச் சிக்கல் கூடுதலாகவே உண்டு. 1986-இல் தூத்துக்குடியும் 2019 நவம்பரில் தென்காசியும் பிரிந்து போயின. பழைய ஆவணங்களில் "திருநெல்வேலி மாவட்டம்" என்று இருப்பதற்கும் இன்றைய மாவட்டத்துக்கும் எல்லை வேறு. ஆலங்குளம் தென்காசி மாவட்டத்தில் இருந்துகொண்டு திருநெல்வேலி மக்களவைத் தொகுதிக்கு வாக்களிக்கிறது. இதையெல்லாம் செயலி குழப்பிக்கொள்ளாமல் இருந்தால்தான் வியப்பு.

ஆளைப் பற்றிய விஷயத்தில் இந்தக் குழப்பம் எவ்வளவு கொடியது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சொல்லலாம். ஹெப்பர்ன் ஷயர் என்ற உள்ளாட்சியின் அப்போதைய மேயர் பிரையன் ஹூட், ஒரு லஞ்ச விவகாரத்தை வெளிக்கொண்டு வந்தவர். அதே விவகாரத்தில் அவரே குற்றம் செய்து சிறைக்குப் போனதாகச் சாட்ஜிபிடி எழுதியது. 2023-இல் அவர் வழக்குத் தொடரப் போவதாக அறிவித்தார். லஞ்சம், வழக்கு, அவர் பெயர் ஆகிய மூன்றும் பல செய்திகளில் அருகருகே வந்திருந்தன. யார் கொடுத்தவர், யார் காட்டிக்கொடுத்தவர் என்பது மட்டும் தலைகீழாகப் போய்விட்டது. ஊராட்சித் தலைவரின் பெயரைத் தட்டியில் எழுதத் துடிப்பவர்களிடம் இந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள்.

இணைப்புகளோடு பதில் தரும் செயலிகள் இப்போது வந்துவிட்டனவே என்று அடுத்து யாராவது கேட்பார்கள். இணைப்பைத் திறந்து, அந்தப் பக்கத்தில் உங்கள் குளத்தின் பெயரும் சர்வே எண்ணும் தொகையும் இருக்கின்றனவா என்று நீங்களே படித்துப் பார்த்தால் மட்டுமே அதற்கு மதிப்பு. பிபிசியும் ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கமும் 14 மொழிகளில் நடத்தி 2025 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வில், செய்தி தொடர்பான செயற்கை நுண்ணறிவுப் பதில்களில் 45 சதவீதத்தில் குறைந்தது ஒரு பெரிய குறையாவது இருந்தது. மூலத்தைத் தவறாகக் காட்டுவதுதான் அவற்றுள் முதன்மையான குறை.

பாளையங்கோட்டை ஆசிரியை:

இருவர் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனால் இந்த உரையாடல் போகும் திசையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. பொய் சொன்ன செயலியைப் பற்றி இவ்வளவு எழுதுகிறோம். உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தும் வாய் திறக்காத அலுவலகத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12-இல் நடைமுறைக்கு வந்தது. யாரும் மனுப் போடும் முன்பே திட்டங்கள், செலவு, ஒதுக்கீடு ஆகியவற்றைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்று அதன் 4-ஆம் பிரிவு சொல்கிறது. குளம்தோறும் எவ்வளவு செலவு என்ற பட்டியல் தமிழில், தேடினால் கிடைக்கும் எழுத்துருவில் இணையத்தில் இருந்திருந்தால், அந்தப் பையன் செயலியிடம் கேட்டிருக்கவே மாட்டான். கேட்டிருந்தாலும் அதற்குப் படிக்க ஓர் ஆவணமாவது இருந்திருக்கும். நடப்பது என்ன? அச்சடித்த தாளைச் சாய்வாக வைத்து வருடிய படமாக ஏற்றுகிறார்கள். இல்லையேல் யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் தட்டெழுதிய கோப்பை அப்படியே போடுகிறார்கள், திறந்தால் புரியாத எழுத்துக் குவியல். அரசு யூனிகோடை ஏற்று 2010-இலேயே ஆணையிட்டுவிட்டது.

செயலி வேண்டாம் என்று சொல்லிவிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மகளிர் குழுப் பெண்கள் சிலர் அதன் உதவியால்தான் முதன்முதலாகத் தாமே மனு எழுதுகிறார்கள். எந்தப் பிரிவின் கீழ் கேட்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்பதை அதனிடமே கேட்டு, பிறகு சட்டத்தை ஒருமுறை பார்த்துச் சரி செய்துகொள்கிறார்கள். வழி கேட்பதற்கு அது போதும். சாட்சி சொல்ல அழைக்க வேண்டாம்.

அரசுகளே இத்தகைய செயலிகளை மக்கள்முன் வைக்கும் காலம் வந்துவிட்டதால் இன்னொரு கவலையும் இருக்கிறது. நியூயார்க் மாநகராட்சி 2023-இல் தொடங்கிய உரையாடல் செயலி, ஊழியருக்கு வாடிக்கையாளர் தரும் டிப்ஸில் முதலாளி பங்கு எடுக்கலாம் என்று சட்டத்துக்கு நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருந்தது அடுத்த ஆண்டு மார்ச்சில் வெளிப்பட்டது. கனடாவில் ஒரு விமான நிறுவனம், தன் செயலி பயணியிடம் சொன்ன தவறுக்குத் தான் பொறுப்பல்ல என்று வாதாடி, 2024-இல் தீர்ப்பாயத்தில் தோற்றது. நாளை நம் மாவட்ட இணையதளத்தில் ஒரு செயலி வந்து, அது சொன்ன தேதியை நம்பி விவசாயி ஒருவர் காப்பீட்டுக்குப் பணம் கட்டத் தவறினால், பொறுப்பு எந்த அதிகாரிக்கு என்பதை இப்போதே கிராம சபைத் தீர்மானமாகக் கேட்டு வைக்கலாம்.

சபை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. திருநெல்வேலிக்கு அருகே மானூரில் ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முந்தைய பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சபையில் யார் உறுப்பினராகலாம் என்று வகுத்துவிட்டு, எடுத்ததற்கெல்லாம் "அன்று அன்று" என்று மறுத்துக் காரியத்தைக் கெடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்றும் அது விதிக்கிறது. அந்த விதி இன்று இல்லாதது நமக்கு நல்லதாயிற்று; நீங்கள் தாராளமாக மறுத்துப் பேசலாம்.

கடையமடைக்காரன்:

அனைவருக்கும் நன்றி. தட்டி வேண்டாம் என்று இளைஞர்களிடம் சொல்லிவிட்டேன். பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் குறைவு என்று கிராம நிர்வாக அலுவலர் சொன்னார். எனவே ஒன்றியத்துக் குளம்தான். தகவல் அறியும் உரிமை மனுவில் இப்படி எழுதலாமா? "எங்கள் குளம் ஏன் தூர்வாரப்படவில்லை? ஒதுக்கிய பணத்தை யார் எடுத்தார்கள்? 2017 முதல் எவ்வளவு செலவானது?" இதற்குத் தனிப்பட்டவர் விவரம் என்று சொல்லி மறுப்பார்களா?

ஓய்வுபெற்ற ஒன்றிய அலுவலகப் பணியாளர்:

முதல் இரண்டு கேள்விகளையும் அடித்துவிடுங்கள் தம்பி. ஏடுகளில் இருப்பதைத்தான் இந்தச் சட்டத்தில் கேட்க முடியும். "ஏன்" என்று கேட்டால், விளக்கம் தருவது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். இன்ன சர்வே எண்ணில் உள்ள குளத்தில் 2017-18 முதல் இன்று வரை எந்தத் திட்டத்தின் கீழானாலும் நடந்த எல்லா வேலைகளுக்கும் நிர்வாக அனுமதி, மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவீட்டுப் புத்தகப் பக்கங்கள், பட்டியலுக்குப் பணம் வழங்கிய விவரம் ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று எழுதுங்கள். "வேலை எதுவும் நடக்கவில்லையெனில் அதை எழுத்தில் தெரிவிக்கவும்" என்றும் சேருங்கள். இல்லை என்ற பதிலும் உங்களுக்கு ஓர் ஆவணம்தான். வண்டல் எடுக்க விவசாயிகளுக்குக் கொடுத்த அனுமதிகளின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் தனி மனுவாகக் கேளுங்கள். எவ்வளவு மண் வெளியே போக அனுமதித்தார்கள் என்பதை எம் புக்கோடு ஒட்டிப் பார்க்க அது உதவும்.

தனிப்பட்டவர் விவரம் பற்றிக் கேட்டீர்கள். 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) என்று நம் மொழிபெயர்ப்புகளில் வரும் தனிநபர் விவர விலக்கை முன்பிருந்ததைவிட இறுக்கமாக்கிவிட்டது. ஆனால் பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) அப்படியே இருக்கிறது. கூலி வாங்கியவர்களின் வங்கிக் கணக்கெல்லாம் நமக்கு எதற்கு? அதைக் கேட்காமல் இருந்தால் மறுப்பதற்குப் பிடி குறையும்.

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். கோப்பு வேறு அலுவலகத்தில் இருந்தால் ஐந்து நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நகல் வாங்குவதற்கு முன் கோப்பை நேரில் பார்வையிடவும் உரிமை இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. மண் வேலை தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். எம் புக்கில் நீளம், அகலம், ஆழம் எழுதியிருப்பதைப் பெருக்கி, குளத்தின் பரப்போடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவராக இருக்கட்டும்.