கடலோர வீட்டுக் கொல்லையில் டர்ஃப் (செயற்கைப் புல்) கோர்ட்: அடியில் கான்கிரீட்டா, ஜல்லியா?

ஈசிஆர்_மணல்
ஈஞ்சம்பாக்கம், கடலிலிருந்து சுமார் 600 மீட்டர். வீட்டுக்குப் பின்னால் 60-க்கு 30 அடி காலி இடம், முழுக்க மணல். ஓரத்தில் ரெண்டு தென்னை, பக்கத்து மனையில் சவுக்கு. பிள்ளைகள் பெரும்பாலும் டென்னிஸ் பந்து கிரிக்கெட், எப்போதாவது ஃபுட்பால் ஆடுவார்கள். காண்டிராக்டர் 4 அங்குல பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட்) தளம், 50 மி.மீ. இழை உயர டர்ஃப், பெயின்ட் அடித்த எம்எஸ் (சாதா இரும்பு) பைப், நைலான் வலை என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். போர் தண்ணீர் உப்பு. இதில் எதை மாற்றச் சொல்ல வேண்டும்?

ஜல்லி_கணக்கு
முதலில் பிசிசியை மாற்றுங்கள். மணல் தானாகவே தண்ணீரை உறிஞ்சும். அதன் மேல் கான்கிரீட் மூடி போட்டுவிட்டு, பிறகு வடிகாலுக்குச் செலவழிப்பது வீண். தளத்தில் வாட்டம் கொஞ்சம் பிசகினாலும் ஐப்பசி மழையில் டர்ஃபுக்கு அடியில் தண்ணீர் தேங்கி, பசை விட்டுக் கொப்பளிக்கும். பேஸ்கட்பால் கோர்ட் என்றால் கான்கிரீட் வேண்டும், உங்களுக்கு வேண்டாம்.

மேல் மண் அரை அடி வழித்துச் சலித்துக் கோரைக் கிழங்கை எடுத்துவிடுங்கள். கிழங்கு தங்கினால் டர்ஃபைத் துளைத்துக்கொண்டே வரும். சுற்றிலும் கர்ப் (ஓரத் திண்டு) கட்டி, தரைமட்டத்துக்கு மேலே தளத்தை உயர்த்துங்கள். மழைக்காலத்தில் அங்கே நிலத்தடி நீர் மேலேறும். தண்ணீர் வெளியேற, கர்பில் 5 அடிக்கு ஒரு 2 அங்குல பிவிசி பைப் துண்டு, உள்வாயில் துணி சுற்றி.

மணலை நன்றாக நனைத்துத்தான் பிளேட் காம்பேக்டர் (அதிர்ந்து இறுக்கும் இயந்திரம்) ஓட்ட வேண்டும். காய்ந்த மணல் பக்கவாட்டில் நழுவுமே தவிர இறுகாது. அதன் மேல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணி, ஓரங்கள் ஒரு அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். இதைத்தான் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள். இது இல்லாவிட்டால் ஜல்லி மணலுக்குள் இறங்கி, ரெண்டு மழைக்குள் தளம் குண்டும் குழியுமாகிவிடும்.

கணக்கு: 1,800 சதுர அடிக்கு இறுகிய பின் 6 அங்குல ஜல்லி வேண்டுமென்றால் சுமார் 11 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) இறக்க வேண்டும். மூன்று அங்குலமாக ரெண்டு அடுக்கு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறுக்கணும். மேலே ஒரு அங்குல கிரஷர் டஸ்ட் (கல் தூள்), 2 யூனிட். 30 அடி அகலத்துக்கு 3 அங்குல வாட்டம் போதும். கடைசியில் 10 அடி அலுமினியப் பட்டையை வைத்துப் பாருங்கள்; அடியில் கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி தெரியும் இடத்தில் டஸ்ட் போட்டுத் திரும்ப இறுக்குங்கள். டர்ஃப் விரித்தபின் அதைச் சரிசெய்ய முடியாது.

ரோல்_கட்டர்
டென்னிஸ் பந்துக்கு 50 மி.மீ. வேண்டவே வேண்டாம், பந்து எழும்பாது. 15 மி.மீ., மணல் நிரப்பும் வகை கேளுங்கள். உயர இழை டர்ஃபில் போடுகிற கறுப்பு ரப்பர் தூள் இதில் இல்லாததால் சூடும் குறைவு. மே மாத மதியத்தில் எந்த டர்ஃபிலும் வெறுங்காலோடு நிற்க முடியாது என்பது வேறு விஷயம்.

4 மீட்டர் ரோலை 30 அடி வாட்டிலேயே விரியுங்கள்: 9.3 மீட்டர் நீளத்தில் 5 துண்டு, 186 சதுர மீட்டர். இணைப்பு நாலுதான். 60 அடி வாட்டில் போட்டால் சேதாரம் கூடி 220-ஐத் தாண்டும். ஐந்து துண்டிலும் இழை ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று திரும்பினால் நிறம் மாறித் தெரியும். வெட்டுமுன் வெயிலில் சில மணி நேரம் விரித்துச் சுருக்கம் எடுக்கணும். ஓரத்தில் ரெண்டு மூன்று வரிசை இழையை வெட்டி, 30 செ.மீ. அகல இணைப்பு டேப்பில் ரெண்டு பாக பாலியூரிதேன் பசை. ஈரத்தில் அது நுரைத்துப் பொங்கிப் பிடிமானம் இழக்கும். கடலோரத்தில் பனி காய்ந்த பிறகுதான் தொட வேண்டும்.

ஆணி அடித்து முடித்துவிடலாம் என்பார்கள். மணலில் ஆணி நிற்காது, துருவும் பிடிக்கும். ஓரத்தைக் கர்பிலேயே ஒட்டுங்கள்.

நிரப்ப சதுர மீட்டருக்கு 18 கிலோ சிலிக்கா மணல், மொத்தம் 3 டன், 50 கிலோ மூட்டையில் 60. மூன்று நான்கு தடவையாகத் தூவித் தூவி பிரஷ் போடணும். கடற்கரை மணலை அள்ளிப் போடுகிற யோசனையே கூடாது: உப்பும் கிளிஞ்சல் தூளும் சேர்ந்து இறுகி, தண்ணீர் இறங்காது. அள்ளுவது குற்றமும்கூட.

துரு_விரோதி
டர்ஃப் இழை பாலிஎதிலீன், உப்பு அதை ஒன்றும் செய்யாது. போவது இரும்புதான். எம்எஸ் பைப் பெயின்ட் உங்கள் தூரத்தில் முதல் வருஷமே வெல்டிங் இடங்களில் பொரிய ஆரம்பிக்கும். ஜிஐ (துத்தநாகம் பூசிய) பைப் வாங்கி சைட்டில் வெல்ட் செய்தாலும் அதே கதை, வெல்டிங் சூட்டில் துத்தநாகம் எரிந்துவிடும். கம்பம், கொக்கி, தகடு எல்லாவற்றையும் முதலில் வெல்ட் செய்து, துளையும் போட்டு முடித்து, பிறகு ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்குவது) கொடுங்கள். சைட்டில் போல்ட் மட்டும். போல்ட் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 கேளுங்கள். 304 உப்புக் காற்றில் பழுப்பேறும்.

கம்பம் முதலில் அறுந்து விழுவது மண்ணும் காற்றும் சேரும் இடத்தில். அஸ்திவாரக் கான்கிரீட்டைத் தரைக்கு மேலே 2 அங்குலம் தூக்கி, கம்பத்தைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள். கான்கிரீட்டுக்குப் போர் தண்ணீர் வேண்டாம்: இந்தியக் கான்கிரீட் தரவிதி ஐஎஸ் 456-இல் கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் உச்ச வரம்பு. லாரித் தண்ணீர் வாங்குங்கள்.

வலை நைலான் அல்ல, யுவி ஸ்டெபிலைஸ்டு எச்டிபிஇ (வெயில் தாங்கும் பாலிஎதிலீன்). புயல் அறிவிப்பு வந்தால் அரை மணியில் அவிழ்க்கிற மாதிரி கொக்கியில் மாட்டுங்கள். காற்றில் கம்பத்தைச் சாய்ப்பது வலைதான்.

ஈசிஆர்_மணல்
மூவருக்கும் நன்றி. ஆகஸ்டில் ஆரம்பிக்கலாமா? பராமரிப்புக்குப் போர் தண்ணீர் அடிக்கலாமா?

ரோல்_கட்டர்
ஆகஸ்டில் சாயங்கால இடி மழை வரும், பசை வேலைக்கு வம்பு. ஜல்லியை இப்போது போட்டு ஒரு பருவமழை படியவிட்டு, பிப்ரவரியில் டர்ஃப் விரிப்பது நல்லது. போர் தண்ணீர் அடித்தால் உப்பு படிந்து, மேல் மணல் பக்கு கட்டும். நல்ல தண்ணீர், மாதம் ஒரு தடவை போதும். அதைவிட முக்கியம் சவுக்கு ஊசி. வாரம் ஒருமுறை பிளாஸ்டிக் வாரியலால் கூட்டாவிட்டால் மக்கி, டர்ஃபில் தண்ணீர் இறங்கும் துளையெல்லாம் அடைத்துவிடும்.

ஜல்லி_கணக்கு
தென்னையிலிருந்து கர்ப் 6 அடியாவது தள்ளி இருக்கட்டும், வேர் தூக்கும். ஒரு ஓரம் சுருங்கினாலும் பரவாயில்லை, தேங்காய் விழுகிற வட்டத்துக்குள் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள்.