ஒரு சர்வர் விழுந்தால் எடை மேடை இரண்டரை நிமிடம் நிற்கிறது, ஃபெயிலோவர் (மற்ற சர்வருக்கு மாறும்) நேரத்தை எப்படிக் குறைப்பது?

மாங்கூழ்_சர்வர்காரன்

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணினி வேலை முழுவதையும் நான் ஒருவனே பார்க்கிறேன். சீசன் வந்துவிட்டால் பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் எடை மேடையிலிருந்து ரோடு வரை நிற்கும். ஒரு நிமிடம் சீட்டு வரவில்லை என்றாலும் டிரைவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

எடை போடும் மென்பொருள் இரண்டு சர்வர் கிளஸ்டரில் ஓடுகிறது. லினக்ஸ், சர்வர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் கோரோசிங்க், ஒன்று விழுந்தால் வேலையை மற்றதுக்கு மாற்றும் பேஸ்மேக்கர். பின்னால் இரண்டு கண்ட்ரோலர் உள்ள ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, இரண்டு ஸ்விட்ச் வழியாக ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியே டிஸ்க்கை அணுகும் முறை), அதன் மேல் இரண்டு பாதையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் மல்டிபாத். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும், லாரிப் படங்களைச் சேமிக்கும் என்எஃப்எஸ் (நெட்வொர்க் ஃபைல்) பகிர்வும் அதில்தான். எல்லாவற்றையும் வெளியாள் ஒருவர் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது போனை எடுப்பதில்லை.

போன ஞாயிறு ஆலை ஓடாத நேரத்தில் இரண்டு சோதனை செய்தேன். முதலில் ஸ்டோரேஜுக்கும் ஒரு ஸ்விட்சுக்கும் இடையிலான கேபிளைப் பிடுங்கினேன். இன்னொரு பாதை நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் டேட்டாபேஸ் 2 நிமிடம் 10 நொடி அப்படியே நின்றது. அடுத்து முதல் சர்வரின் கர்னலை வேண்டுமென்றே க்ராஷ் செய்தேன். மறுபடி எடைச்சீட்டு வர 2 நிமிடம் 40 நொடி ஆனது. வன்பொருள் எல்லாம் புதுசு. எங்கே கை வைப்பது?

வேகமா_போ

ஸ்டோனித்தை (எதிர் சர்வரை அணைக்கும் ஃபென்சிங்கை) ஆஃப் செய்து பாருங்கள் ப்ரோ. எங்கள் ஆபீஸில் அதைத்தான் செய்தோம், உடனே மாறுகிறது.

தகடூர்_லினக்ஸ்

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். எதிர் சர்வரிடமிருந்து சத்தம் வரவில்லை என்றால், அது செத்துவிட்டதா, நெட்வொர்க் மட்டும் அறுந்ததா என்று இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் பேஸ்மேக்கர் முதலில் அதை அணைத்து, அணைந்தது என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் டிஸ்க்கை எடுக்கிறது. அந்தப் படியை நீக்கினால் ஒருநாள் இரண்டு பேரும் ஒரே எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்து எழுதுவார்கள். அன்றைக்கு நாலு நிமிடம் இல்லை, நாலு நாள் பேக்கப்பைத் தோண்ட வேண்டியிருக்கும்.

தம்பி, உங்கள் இரண்டு சோதனையும் இரண்டு வெவ்வேறு நோய். கேபிள் பிடுங்கியதில் கிளஸ்டருக்கு வேலையே இல்லை, அது முழுக்க ஐஸ்கஸியும் மல்டிபாத்தும். இரண்டாவதற்கு, லாக்கை எடுத்து எந்த நொடியில் என்ன நடந்தது என்று வரிசையாகப் போடுங்கள். அதைப் பார்க்காமல் எண்களை மாற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி போடுவது மாதிரி.

மாங்கூழ்_சர்வர்காரன்

சரி அண்ணா, லாக்கைத் தோண்டினேன். க்ராஷ் ஆன நொடியை 0 என்று வைத்தால்:

10-வது நொடியில் டோக்கன் (சர்வர்கள் தங்களுக்குள் சுற்றவிடும் செய்தி) போய்விட்டது என்று கோரோசிங்க் சொல்கிறது. 22-இல் புது உறுப்பினர் பட்டியல். 36-இல் ஐபிஎம்ஐ (சர்வரை வெளியிலிருந்தே அணைக்கும் வசதி) வழியாக ஃபென்சிங் வெற்றி. 44-இல் எல்விஎம்மும் (டிஸ்க் பகுதிகளை நிர்வகிப்பது) மவுண்ட்டும் முடிந்தன. 70-இல் போஸ்ட்கிரெஸ் தயார், உடனே என்எஃப்எஸ்ஸும் ஐபி முகவரியும் எழுந்துவிட்டன. அதாவது 70-இலேயே எல்லாம் பச்சை. ஆனால் சீட்டு வந்தது 160-இல்! நடுவில் 90 நொடி லாக்கில் ஒன்றுமே இல்லை.

தகடூர்_லினக்ஸ்

அந்த 90-ஐப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அது என்எஃப்எஸ் 4-இன் கிரேஸ் காலம். சர்வர் புதிதாக எழுந்ததும், பழைய கிளையன்ட்கள் தாங்கள் பிடித்திருந்த லாக்குகளைத் திரும்பக் கேட்டு வாங்க அவகாசம் கொடுக்கிறது. அதுவரை புதிதாக எந்த ஃபைலையும் திறக்க விடாது. லினக்ஸில் கிரேஸ், லீஸ் (கிளையன்ட் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய உரிமைக் காலம்) இரண்டும் இயல்பாக 90 நொடி. உங்கள் எடை மென்பொருள் லாரிப் படத்தைச் சேமித்த பிறகுதான் சீட்டு அடிக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் டேட்டாபேஸ் தயாராக இருந்தும் படத்துக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது.

என்எஃப்எஸ் கான்ஃபிக் ஃபைலில் இரண்டையும் 20 ஆக்குங்கள். கிரேஸ் லீஸைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. இரண்டு சர்வரிலும் மாற்றி, என்எஃப்எஸ்ஸை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். கிளையன்ட்கள் லீஸைக் கொஞ்சம் அடிக்கடி புதுப்பிக்கும், பத்துப் பதினைந்து கணினிக்கு அது ஒரு சுமையே இல்லை.

இன்னொன்று. போஸ்ட்கிரெஸுக்குப் பின்னால் ஏன் என்எஃப்எஸ் வரிசையில் நிற்கிறது? எல்லாவற்றையும் ஒரே குரூப்பில் போட்டிருப்பார்கள். குரூப்பில் ஒன்று எழுந்த பிறகுதான் அடுத்தது எழும். மவுண்ட் முடிந்ததும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொடங்கட்டும். போஸ்ட்கிரெஸே 26 நொடி எடுத்ததும் அதிகம், செக்பாயிண்ட் (மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி முடிக்கும்) இடைவெளியைப் பாருங்கள். இயல்பு 5 நிமிடம்.

மாங்கூழ்_சர்வர்காரன்

செக்பாயிண்ட் 30 நிமிடம் என்று இருக்கிறது! குரூப்பும் நீங்கள் சொன்ன மாதிரியேதான். படத்தைச் சேமித்த பிறகுதான் சீட்டு, அதுவும் சரி.

ஓசூர்_நைட்_ஷிப்ட்

கேபிள் விஷயத்துக்கு நான் வருகிறேன், இதில் ஒரு வாரம் அலைந்தவன்.

ஐஸ்கஸி கிளையன்ட் 5 நொடிக்கு ஒருமுறை ஸ்டோரேஜைக் கூப்பிட்டுப் பார்க்கும், பதிலுக்கு 5 நொடி காத்திருக்கும். பதில் இல்லையென்றால் அந்த செஷன் போனது. ஆனால் ஏற்கெனவே அந்தப் பாதையில் அனுப்பிய எழுதும் கோரிக்கைகளை அது உடனே கைவிடாது. ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட் முடியும்வரை கையில் வைத்திருக்கும், இயல்பாக 120 நொடி. ஆக 10 சேர்த்து 130. உங்கள் 2 நிமிடம் 10 நொடி அதுதான். ஒரே பாதை இருப்பவருக்கு அந்தப் பொறுமை நல்லது. உங்களுக்கு இரண்டாவது பாதை சும்மா நிற்கிறதே, 5 போதும்.

மாங்கூழ்_சர்வர்காரன்

ஐஸ்கஸி கான்ஃபிக் ஃபைலில் 5 ஆக்கி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி பிடுங்கினேன். அதே 130. ஒரு நொடிகூடக் குறையவில்லை.

ஓசூர்_நைட்_ஷிப்ட்

எதிர்பார்த்தேன். அந்த ஃபைல் புதிதாகக் கண்டுபிடிக்கும் டார்கெட்களுக்கு மட்டும்தான். ஏற்கெனவே பதிவான டார்கெட்களில் பழைய மதிப்பு தனியாக உட்கார்ந்திருக்கும். ஐஸ்கஸிஅட்மின் கட்டளையால் ஒவ்வொரு பதிவையும் அப்டேட் செய்து, செஷனை லாக்அவுட் செய்து திரும்ப லாகின் செய்ய வேண்டும். ஒரு பாதை முடிந்த பிறகு அடுத்தது, இரண்டையும் சேர்த்து அறுத்துவிடாதீர்கள்.

அதைவிட முக்கியம்: மல்டிபாத் நடுவில் இருந்தால் அதன் ஃபாஸ்ட் ஐஓ ஃபெயில் (எத்தனை நொடியில் கைவிடுவது) மதிப்புதான் கடைசியில் ஜெயிக்கும். சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் இடம்) அந்த செஷனுக்குள் ரெகவரி டிஎம்ஓ என்று இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். அதில் இருப்பதுதான் நிஜம், கான்ஃபிக் ஃபைலில் எழுதியிருப்பது வெறும் ஆசை.

மாங்கூழ்_சர்வர்காரன்

கிடைத்துவிட்டது. ரெகவரி டிஎம்ஓ 120. மல்டிபாத் கான்ஃபிக்கில் ஃபாஸ்ட் ஐஓ ஃபெயில் 120 என்று யாரோ கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே ஃபைலில் நோ பாத் ரீட்ரை என்பதற்கு எதிரே க்யூ என்று இருக்கிறது. இதையும் தொட வேண்டுமா?

தகடூர்_லினக்ஸ்

கண்டிப்பாக. க்யூ என்றால் எல்லாப் பாதையும் போனாலும் எழுதும் கோரிக்கைகளை முடிவே இல்லாமல் சேர்த்துக்கொண்டே இருக்கும். சர்வர் உயிரோடு இருக்கிறது, டிஸ்க் இல்லை, பிழையும் வராது. மவுண்ட்டை அவிழ்க்கவும் முடியாமல் தொங்கும். எண்ணாகக் கொடுங்கள். பாதைச் சோதனை 5 நொடிக்கு ஒருமுறை என்றால், 6 என்று போட்டால் ஏறக்குறைய 30 நொடியில் பிழை மேலே வரும், பேஸ்மேக்கரும் விழித்துக்கொள்ளும்.

டோக்கனையும் 10 நொடியிலிருந்து 3 ஆக்குங்கள், புதிய கோரோசிங்க் பதிப்புகளின் இயல்பே அதுதான். கன்சென்சஸ் (புது உறுப்பினர் பட்டியலுக்கு ஒத்துக்கொள்ளும் நேரம்) என்பது டோக்கனைப் போல 1.2 மடங்கு, தானாகவே 3.6 ஆகிவிடும். டோக்கனை 3-க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். நான் ஒருமுறை ஆசைப்பட்டு 1 ஆக்கினேன். ராத்திரி பேக்கப் அதே ஸ்விட்சில் ஓடி நெரிசலாகி, நல்ல சர்வரை நல்ல சர்வரே அணைத்துவிட்டது. விடியற்காலை பாலக்கோட்டிலிருந்து பைக்கில் ஓடினேன்.

மாங்கூழ்_சர்வர்காரன்

நேற்று ராத்திரி எல்லாம் மாற்றி மறுபடி சோதித்தேன். கேபிள் பிடுங்கினால் 16 நொடி. கர்னல் க்ராஷுக்கு 52 நொடி: உறுப்பினர் பட்டியல் 7, ஃபென்சிங் 21, மவுண்ட் 29, போஸ்ட்கிரெஸ் 37. மிச்சம் கிரேஸ். ஃபென்சிங்குக்கு ஆகும் 14 நொடியைக் குறைக்கவில்லை, அந்த சர்வர் அணைந்து எழ அவ்வளவு நேரம் வேண்டும்போல.

காவேரிப்பட்டணம்_கணினி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கர்னல் க்ராஷ் சரி, ஆனால் நம்ம ஊரில் பாதி நேரம் போவது கரண்ட்தானே? ஒரு சர்வரின் யூபிஎஸ் மட்டும் படுத்தால்?

மாங்கூழ்_சர்வர்காரன்

பவர் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். பத்து நிமிடம் ஆகியும் மாறவே இல்லை. ஃபென்சிங் தோல்வி, மறுமுயற்சி, தோல்வி. வயிறு கலங்கிவிட்டது.

தகடூர்_லினக்ஸ்

நல்ல கேள்வி கேட்டார். சர்வருக்குக் கரண்ட் இல்லையென்றால் அதற்குள் இருக்கும் பிஎம்சி சிப்புக்கும் கரண்ட் இல்லை. ஐபிஎம்ஐ யாரிடம் போய்ப் பேசும்? உறுதி கிடைக்காமல் கிளஸ்டர் காத்திருப்பது சரிதான், வேறு வழி கொடுக்காதது நம் தவறு. இரண்டாம் நிலை ஃபென்சிங் வையுங்கள். உங்கள் ஸ்டோரேஜ் ஸ்கஸி-3 பெர்சிஸ்டென்ட் ரிசர்வேஷன் (எந்த சர்வர் எழுதலாம் என்று டிஸ்க்கிலேயே சாவி வைக்கும் வசதி) தாங்கினால் ஃபென்ஸ் எம்பாத் போதும். எதிர் சர்வரின் சாவியை டிஸ்க்கிலிருந்தே எடுத்துவிடும், அந்த சர்வருக்குக் கரண்ட் இருக்கிறதா என்ற கவலையே இல்லை. மல்டிபாத் கான்ஃபிக்கில் ஒவ்வொரு சர்வருக்கும் தனி ரிசர்வேஷன் கீ கொடுக்க மறக்காதீர்கள். இரண்டு பவர் சப்ளை இருந்தால் இரண்டையும் வேறு வேறு யூபிஎஸ்ஸில் செருகுங்கள், அது இன்றைக்கே செய்யக்கூடியது.

மாங்கூழ்_சர்வர்காரன்

பின்பக்கம் போய்ப் பார்த்தேன் அண்ணா. இரண்டு பவர் சப்ளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். இப்போதுதான் பிரித்துச் செருகினேன். ஃபென்ஸ் எம்பாத் ஞாயிற்றுக்கிழமை, லாரி வராத நேரத்தில்.