வீட்டுக் கம்ப்யூட்டர்: பிராண்டட் வாங்குவதா, பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்வதா?

மாலைவெயில்:
வணக்கம் நண்பர்களே. வீட்டில் இருப்பது இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, இந்த பிராசசரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதனால் புதிதாக எடுக்கிறேன். மகளின் படிப்பு, என் கணக்கு வேலை, அப்புறம் குடும்ப வீடியோக்களை எடிட் செய்வது. கேம் ஆடுவதில்லை.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பிராண்டட் டவர்: 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, மூன்று வருட வாரண்டி. இன்னொன்று, தெரிந்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்த பட்டியல்: ஐ5-12400எஃப், பி760 டிடிஆர்4 மதர்போர்டு, டிடிஆர்5 ரேம் 16 ஜிபி, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (போர்டிலேயே செருகும் வேகமான வகை), 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), கேபினட். இரண்டுக்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். கேபினட்டைத் திறந்து தூசி எடுத்திருக்கிறேன், ரேம் மாற்றியிருக்கிறேன். பிராசசர் பொருத்திப் பழக்கமில்லை. எது சரி?

கம்பிவலை:
முதலில் அந்தப் பட்டியலை அப்படியே வாங்கிவிடாதீர்கள். இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. உங்கள் பட்டியலில் தனி கிராபிக்ஸ் கார்டும் இல்லை. எல்லாவற்றையும் பூட்டி மானிட்டரை இணைத்தால் திரையில் ஒன்றும் வராது.

எஃப் இல்லாத ஐ5-12400 எடுங்கள். உங்களுக்கு அதில் இன்னொரு லாபமும் உண்டு. இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் குவிக் சிங்க் என்று வீடியோவுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மொபைலில் எடுத்த எச்.264, எச்இவிசி (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறைகள்) வீடியோக்களைத் திறந்து ஓட்டும்போது அது நன்றாகக் கைகொடுக்கும். எஃப் வகையில் அதுவும் போய்விடும்.

நீலக்குயில்:
ரேமையும் பாருங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் ரேமின் வெவ்வேறு தலைமுறைகள். டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 நுழையவே நுழையாது, கீழே இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் தலைமுறை பிராசசர் இரண்டு ரேமையும் ஏற்கும், ஆனால் ஒரு போர்டு ஏதாவது ஒன்றுக்குத்தான். போர்டின் பெயரை முழுதாகப் படித்து வாங்க வேண்டும்.

திருகாணி:
பட்டியலைத் திருத்திவிடலாம். பெரிய கேள்வி அந்த பிராண்டட் டவருக்குள் என்ன இருக்கிறது என்பது. விளம்பரத்தில் பிராசசர், ரேம், எஸ்எஸ்டி மூன்றும்தான் பெரிய எழுத்தில் இருக்கும். மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் எப்படிப்பட்டவை என்று எழுதியிருக்காது. ஐந்து வருடம் கழித்து உங்களுக்குத் தொல்லை தரப்போவது அந்த இரண்டும்தான்.

ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையை இன்டெல் 1995-இல் கொண்டுவந்தது. திருகாணித் துளைகள் எங்கே இருக்க வேண்டும், பின்பக்கத் திறப்பு எவ்வளவு, மின் இணைப்பு எப்படி என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. அதைப் பின்பற்றும் கம்ப்யூட்டரில் எந்தக் கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸை வேண்டுமானாலும் மாட்டலாம். பல பிராண்டட் டவர்களில் இது இருக்காது. 24 பின் இணைப்புக்குப் பதில் அவர்களே வடிவமைத்த சின்ன இணைப்பு, வேறு அளவில் எஸ்எம்பிஎஸ், அந்த கேபினட்டுக்கு மட்டுமே பொருந்தும் போர்டு. வாரண்டி முடிந்த பிறகு எஸ்எம்பிஎஸ் போனால் அதே மாடலைத் தேடி அலைய வேண்டும். கிடைக்காவிட்டால் நல்ல நிலையில் இருக்கும் பிராசசரும் ரேமும்கூடச் சும்மா கிடக்கும். எனக்கு அதைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை.

வாங்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். எஸ்எம்பிஎஸ் ஏடிஎக்ஸ் தரமா, எத்தனை வாட்? போர்டு வழக்கமான மைக்ரோ ஏடிஎக்ஸ் (ஏடிஎக்ஸின் சிறிய வடிவம்) அளவா? 16 ஜிபி என்பது ஒரே ரேமா, இரண்டு 8 ஜிபியா?

கடைசிக் கேள்வி சும்மா இல்லை. டிடிஆர்4-3200 ஒன்றை மட்டும் போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி வரை தரவு போகும், ஒரே மாதிரி இரண்டைப் போட்டால் 51.2. உள் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. வீடியோ வேலையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

தாழ்வாரம்:
திருகாணி அண்ணா சொல்வதெல்லாம் உண்மை. ஆனாலும் என் பெற்றோருக்கு நான் பிராண்டட்தான் வாங்கிக் கொடுத்தேன், மறுபடியும் அதையேதான் செய்வேன்.

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. காலம் பெரும்பாலும் பிராண்டட்டைவிட அதிகமாகவே இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பெட்டி ஆன் ஆகவில்லை என்றால் எது கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள். ரேமா, போர்டா, எஸ்எம்பிஎஸ்ஸா? மாற்றிப் போட்டுப் பார்க்க வீட்டில் இன்னொரு பாகம் வேண்டுமே. பிராண்டட்டில் ஒரு போன் போட்டால் போதும், அவர்கள் வந்து பார்ப்பார்கள். வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டியா, சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப்போக வேண்டுமா என்பதை மட்டும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

விண்டோஸ் உரிமமும் அதனுடனே வந்துவிடும். அசெம்பிள் செய்தால் அதற்குத் தனியாகச் செலவு, பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறீர்களா?

திருகாணி:
நல்ல கேள்வி. கூடவே ஒன்று: பிராண்டட்டோடு வரும் ஓஇஎம் உரிமம் (கம்ப்யூட்டர் தயாரிப்பாளர் ஏற்றித் தருவது) அந்த போர்டோடு கட்டுண்டது, வேறு கம்ப்யூட்டருக்குப் போகாது. தனியாக வாங்கும் ரீடெயில் உரிமத்தை அடுத்த கம்ப்யூட்டருக்கு எடுத்துப்போகலாம்.

மாலைவெயில், கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள்? அது நீங்கள் என்றால் அசெம்பிள். வேறு யாரோ என்றால் தாழ்வாரம் சொன்னதுபோல பிராண்டட். விலையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ரேம் விலை ஏறும் காலத்தில் பிராண்டட் மலிவாகத் தெரியும், அப்புறம் மாறும்.

மாலைவெயில்:
எல்லோருக்கும் நன்றி. விசாரித்தேன். பிராண்டட் டவரில் ரேம் ஒன்றே ஒன்று, எஸ்எம்பிஎஸ் 180 வாட், அவர்களுடைய சொந்த இணைப்பு. பிற்பாடு கிராபிக்ஸ் கார்டு போட வழியே இல்லை. வாரண்டியும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதுதான்.

கெட்டுப்போனால் பார்க்கப்போவது நான்தான், மகளுக்கும் கற்றுக்கொள்ள ஆசை. அதனால் அசெம்பிள் செய்கிறோம். ஐ5-12400, டிடிஆர்4 8 ஜிபி இரண்டு, மற்றவை அப்படியே. விண்டோஸ் செலவையும் சேர்த்துவிட்டேன், கொஞ்சம் கூடுகிறது, பரவாயில்லை. பழையதைத் தூக்கிப் போடவில்லை, ஒரு சாட்டா எஸ்எஸ்டி (பழைய ஹார்டு டிஸ்க் இணைப்பிலேயே மாட்டும் வகை) போட்டு லினக்ஸ் ஏற்றி வைக்கப்போகிறேன். பூட்டும்போது எங்கே கவனம் வேண்டும்?

கம்பிவலை:
பிராசசரை சாக்கெட்டில் வைப்பதில்தான். இந்த பிராசசருக்கான எல்ஜிஏ1700 சாக்கெட்டில் ஊசிகள் போர்டில் இருக்கின்றன, வளைந்தால் போர்டே போச்சு. முக்கோணக் குறியை ஒத்துப் பார்த்து மெதுவாக வையுங்கள், அழுத்த வேண்டாம். பூட்டும் நெம்புகோல் மட்டும் இறுக்கமாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள்.

கேபினட்டுக்குள் வைக்கும் முன்பே, போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து பிராசசர், கூலர், ஒரு ரேம் மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள். 24 பின்னோடு, பிராசசருக்கான 8 பின் இணைப்பையும் கொடுக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது அதைத்தான். விட்டால் மின்விசிறி சுற்றும், திரை வராது. நான்கு ரேம் ஸ்லாட் இருந்தால் இரண்டு ரேமும் பொதுவாக இரண்டாவதிலும் நான்காவதிலும் போகும், போர்டின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீலக்குயில்:
திரை வந்ததும் பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை, ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் ரேம் குறைந்த வேகத்திலேயே ஓடும். விண்டோஸ் ஏற்றும் முன் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் மென்பொருள்) ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமைத் திருப்பிக் கொடுங்கள். பாகங்களைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இதையெல்லாம் செய்துவிட வேண்டும், அதனால் எல்லாம் வந்து சேர்ந்த அன்றே உட்கார்ந்துவிடுங்கள்.