25 அடி சென்டர் கொன்சோல், ட்ரெய்லர்ல இழுக்குற மாதிரி – மட்டக்களப்புக்கு சரிவருமா?

பாடும்மீன்77 (கல்லடி)

வணக்கம் எல்லாருக்கும். போட் விசயமா ஒரு கேள்வி, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்க.

இப்ப என்னட்ட இரிக்கிறது 19 அடி பைபர் போட், 40 எச்பி எண்டுரோ மெசின், மண்ணெண்ணெய்ல ஓடுற. கல்லடிக் கரையில நாலு பேர் சேந்து தள்ளி இறக்குற. பங்குனியில இருந்து புரட்டாதி மட்டும் கொழும்பு ஆக்களையும் வெளிநாட்டுக்காரரையும் தூண்டில் போடக் கூட்டிட்டுப் போறன், பாரை, அறக்குளா, சூரை, ஹேர்மஸ் எண்ட பிரித்தானியப் போர்க்கப்பல் 1942ல தாண்ட பக்கம் போனா நல்ல பெரிய பாரையும் கொத்தும். ஆனா ஆறு பேர் ஏறினா அந்த போட்ல கை அசைக்க இடமில்ல, தூண்டில் ஒண்டோட ஒண்டு சிக்கி பெரிய கரச்சல். வாடைக்காத்து தொடங்கினா போட்ட கவுத்து வைச்சிட்டு வீட்ட சும்மா இரிக்கிறதுதான்.

கனடாவில மாமா பாதிக்காசு போடுறன் எண்டுறார். 24, 25 அடி சென்டர் கொன்சோல் ஒண்டு எடுத்தா நடுவில மட்டும் ஸ்டேரிங், சுத்திவர நடக்கலாம், மீன் எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினாலும் பின்னால போகலாம். ட்ரெய்லர்ல ஏத்தக்கூடியது எண்டா மார்கழி தை மாசங்கள்ல கல்பிட்டிப் பக்கமும் கொண்டுபோய் ஓடலாம் எண்டு ஒரு கணக்கு. மச்சான்ட டபிள் கெப் (பிக்கப்) இரிக்கு. அதால இழுக்கேலுமா, 250 எச்பி ஒண்டு நல்லமா 115 ரெண்டு நல்லமா, போட்ட அடிப்பக்கம் ஆழமான வீ (V) மாதிரி இரிக்கணுமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வாகரை_வள்ளம்

தம்பி, 25 அடிய எங்க இறக்கப்போற? அத முதல் சொல்லு.

கல்லடி மணல்ல ட்ரெய்லரோட கெப்ப பின்னால விட்டா டயர் அச்சு மட்டும் புதையும், மறுகா போட்ட இறக்க வந்தவன் உழவு மெசின் தேடி ஓடுவான். இப்ப நீ தள்ளுற போட்ட நாலு பேர் தூக்கிறாங்க எண்டா அதுக்கு அடி தட்டையாவும் பாரம் குறைவாவும் இரிக்கிறதுதான் காரணம். வீ அடி போட்ட மணல்ல வைச்சா ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கும், அலை வந்து அடிச்சா உள்ளுக்கு தண்ணி.

முகத்துவாரத்தால போகலாம் எண்டு நினைப்ப, ஆறு அங்கங்க முழங்கால் தண்ணி, மணல் திட்டு ஒவ்வொரு மாரிக்கும் இடம் மாறும். வாய் மூடிக் கிடக்கிற காலம் ஆத்துக்குள்ளயே சுத்திக்கொண்டு இரிக்க வேண்டியதுதான். வாழைச்சேனைத் துறைமுகம் ஒண்டுதான் உனக்கு சரி, கல்லடியில இருந்து 30 கிலோமீற்றர் வரும், மீனவர் சங்கத்து ஆக்களோட முதல் கதைச்சு வை. போட் எடுக்கிறத பிறகு பாக்கலாம்.

தூரத்துமச்சான் (ஸ்கார்பரோ)

நான் ஏறாவூர்ப் பக்கம் பிறந்தவன், இஞ்ச 20 வருசமா போட் இழுக்கிறன், அதால கெப் கதைய நான் சொல்றன்.

விளம்பரத்தில போடுற பாரம் வெறும் கோதுட (மெசின், சாமான் இல்லாத போட் உடம்பு) பாரம். அத நம்பி கனபேர் ஏமாந்திருக்கிறாங்க. 25 அடி கிளாஸ்பைபர் கோது ஒண்டு 1900 கிலோ எண்டு வையுங்க, 150 எச்பி மெசின் ரெண்டு 440, பெற்றோல் 400 லீட்டர் அடிச்சா 300 கிலோ, ஐஸ் பெட்டி நங்கூரம் சாமான் எல்லாம் 200, ட்ரெய்லர் தனியா 700. கூட்டினா 3540. நல்ல கெப்புகள்ல கூடினபட்சம் 3500 கிலோ இழுக்கலாம் எண்டு கைநூல்ல போட்டிருக்கும், அதுவும் ட்ரெய்லருக்கு தனியா பிரேக் இருந்தாத்தான். பிரேக் இல்லாட்டி கனக்க வாகனத்துக்கு 750 கிலோதான் கணக்கு. மச்சான்ட கெப் பழசு எண்டா இன்னும் குறைவா இரிக்கும், கைநூல எடுத்துப் பாருங்க.

இதே கணக்க 22 அடிக்கு போடுங்க: கோது 1100, 150 எச்பி ஒண்டு 220, பெற்றோல் 200 லீட்டர் 150, சாமான் 150, ட்ரெய்லர் 450. 2070தான். மூணு அடி குறைச்சா ஒண்டரை டன் குறையுது, அதுதான் விசயம். அகலத்தையும் பாருங்க, இஞ்ச 8 அடி 6 இஞ்சிக்கு மேல போனா தனி பெர்மிட் வேணும், அதால ட்ரெய்லர் போட் செய்யிறவங்க அந்த அளவுக்குள்ளதான் செய்வாங்க.

இன்னொண்டு, ட்ரெய்லர் சில்லு பேரிங். 2019ல ஊருக்கு வந்து கூட்டாளிட போட்டோட களுவாஞ்சிகுடி தாண்டிப் போய்க்கொண்டிருக்கக்குள்ள பின்னால ஒரு மணம், கருகின கிறீஸ் மணம். இறங்கிப் பாத்தா இடப்பக்கத்து சில்லுல பெயின்ட் கொப்பளிச்சு நிக்குது, தண்ணி ஊத்த சீ எண்டு ஆவி கிளம்புது. காரணம் என்னெண்டா ஓடி வந்த சூட்டோட நேர கடல் தண்ணிக்குள்ள இறக்கியிருக்கிறான். சூடா இரிக்கிற ஹப் (பேரிங் இரிக்கிற சில்லு நடுக்குடம்) சடாரெண்டு குளிர, உள்ளுக்க காத்து சுருங்கி சீலால உப்புத்தண்ணிய உறிஞ்சி எடுக்கும், ரெண்டு மூணு மாசத்தில பேரிங் துரு. கரைக்கு வந்தா ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு ஹப்புல கைய வைச்சுப் பாருங்க, ஆறினபிறகு இறக்குங்க. ஏத்தின உடன நல்ல தண்ணியால கழுவுங்க. ட்ரெய்லர் நாகம் (சிங்க்) பூசினதா இரிக்கட்டும், பெயின்ட் அடிச்ச இரும்பு வேணாம்.

ஒலுவில்காரன்

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் பாரத்தப் பத்தி சொல்லிட்டாங்க, நான் காத்தும் எண்ணையும் சொல்றன்.

நம்மட பக்கம் கச்சான் தரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்து. வெள்ளன போகக்குள்ள கரை ஓரம் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும், காத்து முதுகில, வழுக்கிக்கொண்டு போயிரும். கிறுகி வரக்குள்ளதான் தெரியும், போன பன்னிரண்டு மைலும் முகத்துக்கு நேர காத்து, கட்டையான அலை டக்கு டக்கெண்டு அடிச்சு ஆள நனைக்கும். அந்த நேரத்துக்குத்தான் அணியம் (போட்ட முன்பக்கம்) கூரா இரிக்கணும். ஆனா பின்பக்கத்தில வீ அடி சரியிற கோணம் 24 டிகிரி தேவல்ல, 18, 20 டிகிரி போதும். ஆழம் கூடக்கூட அலைய நல்லா வெட்டும், ஆனா நிப்பாட்டி தூண்டில் போடக்குள்ள ஆடும், எண்ணையும் கூடக் குடிக்கும். எல்லாரும் ஒரே பக்கம் ஓடி மீன் பாக்குற ஆக்கள்தானே உங்கட ஆக்கள்.

150 எச்பி நாலு ஸ்ட்ரோக் மெசின முழுசா முறுக்கினா மணிக்கு 50 லீட்டருக்கு மேல போகும், ஒள்ளுப்பம் குறைச்சு ஓடினா பாதி. எல்லாம் பெற்றோல். 2022 ஆவணியில மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து ஒரே நாள்ல 340 ஆனதும், பெற்றோல் வரிசையும் மறந்து போச்சா? எண்ணெய மூணு பங்காக்கி, போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மிச்ச ஒரு பங்கத் தொடாதீங்க.

ரெண்டு மெசின் எண்டா பயமில்ல எண்டு நினைக்கிறதும் முழுசா சரியில்ல, ஒரே தாங்கியில இருந்து ரெண்டுக்கும் எண்ணெய் போனா, அதுக்குள்ள தண்ணி கலந்திருந்தா ரெண்டும் ஒண்டா நிக்கும். நான் எண்டா 150 ஒண்டு, பக்கத்தில 15 எச்பி சின்ன மெசின் ஒண்டு, அதுக்கு தனிக் கேன். மெதுவா எண்டாலும் கரைக்கு வந்திரலாம், அந்த 15அக் கழட்டிப் பூட்டத் தெரிஞ்சவன் ஒவ்வொரு கரையிலயும் இரிக்கான்.

ஒலுவில் துறைமுகத்த நம்பி வராதீங்க, வாயில மண் வந்து மூடுற கதை ஊருக்கே தெரியும். பின்னேரம் காத்தான்குடிக்குள்ளால இழுத்துக்கொண்டு வந்தா ரோட்டு நடுவில நிக்கிற பேரீச்ச மரத்தையும் ஓட்டோவையும் பாத்துக்கோங்க, சிரிக்கல்ல, உண்மையாத்தான் சொல்றன்.

பாடும்மீன்77

எல்லாருக்கும் நன்றி. ஒலுவில் நானா சொன்ன 15 எச்பி ஐடியா எனக்குத் தோணவே இல்ல, என்ட சித்தப்பாட்ட ஒண்டு சும்மா கிடக்கு.

மச்சான்ட கெப் கைநூல் எடுத்துப் பாத்தன், பிரேக் ட்ரெய்லரோட 2500தான் போட்டிருக்கு. அப்ப 25 அடி கதை முடிஞ்சுது. மாமாட்ட சொன்னன், அவர் கொஞ்சம் மனம் சோந்து போனார், "பெரிசா எடு எண்டுதானே காசு தாறன்" எண்டார், பிறகு ட்ரெய்லருக்கு பிரேக்கும் நல்ல ஹப்பும் அந்த மிச்சத்தில போடுறன் எண்டு சமாளிச்சிட்டன். 22 அடி பாக்கிறன், வாழைச்சேனைக்கு ஞாயிறு போய் சங்கத்தில கதைக்கப் போறன்.

வாகரை_வள்ளம்

நல்லம். உங்கட வளவுக் கேட் அகலம் எவ்வளவு?

பாடும்மீன்77

அண்ணன் கேட்டபிறகுதான் டேப் எடுத்து அளந்தன். 7 அடி 10 இஞ்சி. போட் 8 அடி சொச்சம். மதில்ல ஒரு தூண் உடைக்கணும், மனிசி இன்னும் ஓம் சொல்லல்ல.