போதைக்குப் போனவர்களின் வீட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா?

சைக்கிள்கடை:
எங்கள் தெருப் பையன் ஒருவன், ஏழாவது படிக்கும்போது எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் வீட்டுப்பாடம் எழுதுவான். ராத்திரி அவன் அப்பாவின் டிவிஎஸ் சத்தம் கேட்டால் பேனாவை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்வான். ஒரே மிதியில் ஸ்டாண்டு நின்றால் மறுபடி எழுதுவான், ரெண்டு மூன்று தடவை வழுக்கினால் நோட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடுவான், அம்மாவுக்கு முன்னால் போய் நிற்க. இருபத்திரண்டு வயதில் வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றிக்கொண்டிருந்தான். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை. ஏண்டா இப்படி என்றதற்கு, "முதல் தடவை போட்டப்போதான் காது அடங்குச்சுண்ணே" என்றான். அதுதான் இன்னும் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மதுரைக்காரன்:
சும்மா அப்பாவைச் சாக்கு சொல்லாதீர்கள். எங்கப்பா பெல்ட்டால் அடித்த தழும்பு இன்னும் என் முதுகில் இருக்கிறது, நான் பீடிகூடத் தொட்டதில்லை. எங்கள் ஹாஸ்டலில் கஞ்சாவோடு மாட்டியவன் வீட்டில் குடியும் இல்லை, அடியும் இல்லை. அவன் அப்பா கூட்டிப்போக வந்தார், மகன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, "டிசி எப்ப கிடைக்கும்" என்று வார்டனிடம் கேட்டார், அவ்வளவுதான்.

நிலா:
மதுரைக்காரரே, அந்த முகம் பார்க்காததும் கணக்கில் வரும். 1998இல் ஃபெலிட்டி, ஆண்டா என்ற அமெரிக்க மருத்துவர்கள் 9,500 பேரிடம் சின்ன வயதில் பட்டதைக் கேட்டு வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. அடி, அம்மா அடிபடுவதைப் பார்ப்பது, வீட்டில் குடிகாரர் என்று ஏழு வகை. அதில் நான்கோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, எதுவுமே படாதவர்களைவிடக் குடி, போதை, தற்கொலை முயற்சி எல்லாம் 4 முதல் 12 மடங்கு அதிகம். கண்டுகொள்ளாமல் விடுவதைப் பிற்பாடு சேர்த்தார்கள். அதற்காகப் பட்டவர்கள் எல்லோரும் அப்படி ஆவதில்லை, நீங்களே சாட்சி. என் தம்பியின் குடும்பக் கவுன்சலிங்குக்கு எங்கப்பா குடித்துவிட்டு வந்தார், என் கதை அவ்வளவுதான். ஆனால் ஒன்று, வீட்டில் யாராவது இப்படி இருந்தால் அடைத்துவைத்து நிறுத்தாதீர்கள். மாத்திரை திடீரென நின்றால் உடம்பு முறுக்கும், வயிற்றால் போகும், அந்த வேதனையிலேயே மறுபடி ஓடுவான். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள், 14446க்குப் போன் போடுங்கள், இலவசம். போதை மறுவாழ்வு சென்டர் என்றால் லைசென்ஸ் கேளுங்கள், அடித்துத் திருத்துகிறேன் என்பவனிடம் விட்டுவிடாதீர்கள்.

சைக்கிள்கடை:
சரிக்கா, நம்பர் இருக்கட்டும். மதுரைக்காரருக்கு ஒன்று. எங்கள் தெருப் பையனின் அக்காவும் எதையும் தொட்டதில்லை, டீச்சராக இருக்கிறாள். அவளை நாலாவதிலேயே பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவனைத்தான் அனுப்பவில்லை, ஆம்பளைப் பிள்ளை அம்மாவுக்குத் துணையா இருக்கட்டும் என்று.