“சாமி கண்ணைக் குத்தும்”: இதை இனியும் பிள்ளைகளிடம் சொல்லலாமா?

இரட்டைச்சடை அம்மா:
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாத்திகம் பேச வரவில்லை. காலையும் மாலையும் விளக்கேற்றிக் கும்பிடுகிற வீடு எங்களுடையது. நானும் அப்படி வளர்ந்தவள்தான்.

மகளுக்கு நாலரை வயது. போன செவ்வாயிலிருந்து இடது கண்ணை முடியால் மறைத்துக்கொண்டே திரிந்தாள். ஏதோ புது விளையாட்டு என்று விட்டுவிட்டேன். வியாழக்கிழமை தலைக்கு ஊற்றும்போதுதான் பார்த்தேன். மேல் இமை சிவந்து வீங்கியிருந்தது. “ஏன்டி சொல்லல?” என்றேன். அவ்வளவுதான், தேம்பித் தேம்பி அழுகை. “நான் பொய் சொன்னேன்ல, சாமி குத்திடுச்சு. உன்கிட்ட சொன்னா இன்னொரு கண்ணையும் குத்திடும்.”

பொய் என்னவென்றால், தம்பியின் பொம்மைக் காரில் சக்கரத்தைப் பிடுங்கியது யார் என்று கேட்டபோது “தெரியாது” என்றிருக்கிறாள். அத்தை (என் மாமியார்) வழக்கம்போல, “பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்” என்றிருக்கிறார். மறுநாள் காலையில் கண்ணில் உறுத்தல். அவள் கணக்கில் எல்லாம் பொருந்திவிட்டது.

டாக்டர் சாதாரணக் கண்கட்டி என்றார். இமையோரத்து எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக் கிருமி சேர்ந்திருக்கிறது, வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஒத்தடம் கொடுத்தால் போதும் என்று அனுப்பிவிட்டார். கண் சரியாகி வருகிறது. ஆனால் முன்பெல்லாம் சாமி படங்களுக்கு ஒவ்வொன்றாகக் கையாட்டி ‘குட் நைட்’ சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறவள், இப்போது பூஜை அறைப் பக்கம் வந்தால் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

இந்த வார்த்தையை வீட்டில் தடை செய்யலாம் என்கிறேன் நான். வீட்டில் இருவர் எதிர்ப்பு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழைய பஞ்சாங்கம்:
குழந்தைக்குச் சீக்கிரம் குணமாகட்டும் அம்மா. ஆனால் ஒரு கண்கட்டிக்காகத் தலைமுறை தலைமுறையாக வந்த பேச்சைத் தூக்கி எறிவதா? இதைக் கேட்டு வளர்ந்தவன் நான். வயது 71. கண்ணும் நன்றாக இருக்கிறது, பக்தியும் அப்படியே இருக்கிறது. அந்தக் காலத்தில் இது வெறும் பேச்சு. “உதைப்பேன்” என்று சொல்கிற அம்மாவெல்லாம் உதைக்கிறாளா என்ன? பிள்ளைகளுக்கு அது தெரியும்.

ராத்தூக்கம் இல்லாதவன்:
ஐயா பக்கம் நான். வீட்டில் இரண்டு, வயது 3, 5. ராத்திரி ஒன்பது மணிக்குப் பெரியவன் சின்னவள் தலையில் பசையை ஊற்றிக்கொண்டிருக்கும்போது ‘உன் செயலால் அவள் எப்படி உணர்வாள்’ என்று உட்கார்ந்து பேச என்னிடம் தெம்பு இல்லை. ‘சாமி பாக்குறாரு’ என்றால் கை நிற்கிறது. வேலை செய்கிற ஒன்றை ஏன் விடவேண்டும்?

கேள்விக்குறி:
பஞ்சாங்கம் ஐயா, பிள்ளைகளுக்கு அது வெறும் பேச்சு என்று தெரியும் என்கிறீர்கள். நாலரை வயதில் தெரியாது.

பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் பிள்ளைகளிடம் ஒரு கதை சொன்னார். தோட்டத்தில் பழம் திருடிய பையன் பிடிபடாமல் ஓடுகிறான், வழியில் உளுத்த பாலம் உடைந்து ஆற்றில் விழுகிறான். ‘திருடாமல் இருந்திருந்தால் பாலம் உடைந்திருக்குமா?’ என்று கேட்டார். ஆறு வயதுப் பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல், திருடியதற்குக் கிடைத்த தண்டனைதான் அது என்றார்கள். 11, 12 வயதில் அப்படிச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கு. 1932-லேயே அச்சில் வந்த விஷயம். அந்த வயதில் உலகமே அவர்களுக்கு ஒரு கோர்ட்டு. விழுந்தால் தண்டனை, காய்ச்சல் வந்தால் தண்டனை. அதன் மேல் நாமும் போய் ‘ஆமாம், குத்துவார்’ என்று சாட்சி சொன்னால் கண்கட்டி வேறு எப்படித் தெரியும்?

பழைய பஞ்சாங்கம்:
ஆராய்ச்சி வந்துவிட்டதா, நல்லது. வீட்டில் அமைதியாக இருந்த கடவுளைக் கோர்ட்டுக்கு இழுத்தாயிற்று.

ராத்தூக்கம் இல்லாதவன்:
ஆராய்ச்சி என் பக்கமும் இருக்கிறது கேள்விக்குறி. 2011-ல் வந்தது. 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு ஏமாற்றத் தூண்டும் ஒரு விளையாட்டைக் கொடுத்தார்கள். சிலரிடம் மட்டும், ‘இந்த நாற்காலியில் ஆலிஸ் என்று ஒரு இளவரசி உட்கார்ந்திருக்கிறாள், உன் கண்ணுக்குத் தெரியமாட்டாள்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதை நம்பிய பிள்ளைகள், பெரியவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு ஒழுங்காக விளையாடுவார்களோ அவ்வளவு ஒழுங்காக விளையாடினார்கள். ஆக, ‘பார்க்கிறார்’ என்பது வேலை செய்கிறது.

இரட்டைச்சடை அம்மா:
அண்ணா, அந்த இளவரசி சும்மாதானே உட்கார்ந்திருந்தாள்? யார் கண்ணையும் குத்தவில்லையே!

ராத்தூக்கம் இல்லாதவன்:
…அது சரிதான்.

நூரின் வாப்பா:
சகோதரி எழுதியதைப் படித்து நெஞ்சு பதறியது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இறைவனைத் துதிக்கும்போது விரலில் மாட்டி எண்ணுகிற டிஜிட்டல் தஸ்பீஹ் ஒன்று என் உம்மாவிடம் உண்டு. ஒருநாள் அது திறந்து கிடந்தது, உள்ளே பட்டன் பேட்டரியைக் காணோம். பக்கத்தில் மூன்று வயது மகன். “நீ எடுத்தியா? வாயில போட்டியா?” கேட்கக் கேட்கக் கல் மாதிரி நிற்கிறான். ஒரு வார்த்தை இல்லை.

பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே அரித்துப் புண்ணாக்கிவிடும். அதனால் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடினோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். பேட்டரி சோபாவுக்கு அடியில் கிடந்தது. ராத்திரி மடியில் போட்டுக் கேட்டபோதுதான் வாயைத் திறந்தான்: “அதத் தொட்டா அல்லாஹ் அடிப்பான்னு நீதானே வாப்பா சொன்ன?”

நான்தான் சொன்னேன். உம்மாவின் பொருளைத் தொடாமல் இருக்கட்டும் என்று சொன்னது. தொடாமல் இருக்க அது உதவவில்லை. தொட்டதைச் சொல்லாமல் இருக்கத்தான் உதவியது.

(வீட்டில் அந்த மாதிரி எண்ணும் கருவி, தானாகப் பாடும் பெட்டி, மினுக்கும் விளக்கு எது இருந்தாலும் பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.)

ஞாயிறு பள்ளி டீச்சர்:
நூரின் வாப்பா சொன்னதுதான் விஷயம் என்று எனக்கும் படுகிறது. என் வகுப்புச் சின்னதுகளில் சில பேர் தப்புச் செய்தால் முதலில் என்னிடம் ஓடி வருவார்கள். சில பேர் மேஜைக்கு அடியில் ஒளிவார்கள். ஒளிகிறவர்களின் வீடு அதிக பக்தியான வீடு என்றோ குறைந்த பக்தி என்றோ சொல்ல முடியவில்லை. கடவுளை அங்கே எந்த வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ரொம்ப கனமாகப் போகிறது, ஒன்று சொல்லிச் சிரிக்க வைக்கிறேன். என் மகனுக்கு ஐந்து வயதில் கர்த்தருடைய ஜெபம் மனப்பாடம். வீட்டு ஜெபத்துக்கு என் கணவரின் அண்ணன் வந்திருந்தார். “எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்று சொல்லி முடித்த கையோடு கண்ணைத் திறந்து, “அப்பா, அப்ப பெரியப்பாகிட்ட வாங்கின கடனைத் திருப்பித் தர வேண்டாமா?” என்றான். பெரியப்பா ‘ஆமென்’ சொல்லவே இல்லை.

பழைய பஞ்சாங்கம்:
டீச்சரம்மா கதைக்குச் சிரித்தேன். பேட்டரிக் கதைக்குச் சிரிக்க முடியவில்லை, நூரின் வாப்பா. பையன் தப்பித்தது பெரிய பாக்கியம்.

ஆனாலும் விடமாட்டேன். பயமே இல்லாமல் பக்தி எங்கிருந்து வரும்? பயபக்தி என்று ஒட்டி ஒரே சொல்லாகத்தானே வைத்திருக்கிறோம்? அதிலிருந்து பயத்தை வெட்டினால் கடவுளும் பக்கத்து வீட்டு மாமா ஆகிவிடுவார். இப்போதைய பிள்ளைகளுக்கு அப்பாவிடம் பயமில்லை, ஆசிரியரிடம் பயமில்லை. மிச்சம் இருப்பது அவர் ஒருவர்.

கேள்விக்குறி:
அந்தப் பயபக்தியில் இருக்கிற பயம் வேறு ஐயா. மலையடிவாரத்தில் நின்று நிமிர்ந்து பார்க்கும்போது ஒரு நடுக்கம் வருமே, அது. முள்ளை எடுத்துக்கொண்டு கண்ணுக்குக் குறிவைக்கிறவரிடம் வருகிற பயம் அது இல்லை. அப்புறம், நாம் கொஞ்சிக் கும்பிடுகிற கண்ணனே வெண்ணெய் திருடியவன், மண்ணைத் தின்றுவிட்டு இல்லை என்று சாதித்தவன். அவன் போய்ப் பொய் சொன்ன பிள்ளையின் கண்ணைக் குத்துவானா?

பழைய பஞ்சாங்கம்:
கண்ணனை இழுத்தீர்கள், மாட்டிக்கொண்டீர்கள்! பெரியாழ்வாரைப் படியுங்கள். அப்பூச்சி காட்டுகிறான் என்று ஒரு பதிகமே இருக்கிறது. இமையை மடித்து விழித்துக் காட்டி மற்ற பிள்ளைகளைப் பயமுறுத்துகிறான் கண்ணன். கடவுளே கண்ணை வைத்துத்தான் பயம் காட்டுகிறார்.

ஞாயிறு பள்ளி டீச்சர்:
ஐயா, அது தன் சொந்தக் கண்ணை!

பழைய பஞ்சாங்கம்:
ஹூம். பேரன்களோடு பேசுகிற மாதிரியே இருக்கிறது உங்களோடு பேசுவது.

நூரின் வாப்பா:
பஞ்சாங்கம் ஐயாவுக்கு: நபிகளார் தொழுகையில் சஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைத்து வணங்கும் நிலையில்) இருந்தபோது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டார் என்றும், அவர் இறங்கும்வரை சஜ்தாவை நீட்டினார்கள் என்றும் எங்களிடம் ஹதீஸ் (நபிகளாரைப் பற்றிய செய்தி) உண்டு. என் மகனும் ஏறுவான், குதிரை ஓட்டுவான், ஒரு தடவை தொப்பியைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவிட்டான். பிள்ளைக்கு ஏழு வயதானால் தொழச் சொல்லுங்கள் என்பதும் ஹதீஸ்தான். அதுவரைக்கும் முதுகில் சவாரி.

ஞாயிறு பள்ளி டீச்சர்:
அந்த ஏழு எல்லா இடத்திலும் வருகிறது பாருங்கள். கத்தோலிக்கர்களிடம் முதல் நற்கருணைக்கு (பூசையில் முதன்முதலாக அப்பம் வாங்குவதற்கு) ஏறக்குறைய ஏழு வயது போதும் என்று 1910-ல் பத்தாம் பயஸ் பாப்பரசர் ஆணையிட்டார். விவரம் தெரிகிற வயது என்பது அவர்கள் கணக்கு. நாலரை வயதுக்காரியிடம் பாவம், தண்டனை என்று பேச யாருக்கும் இவ்வளவு அவசரம் இல்லை, நமக்குத்தான்.

ராத்தூக்கம் இல்லாதவன்:
சரி, குத்துவதை விட்டுவிடுகிறேன். பதிலுக்கு என்ன சொல்ல? ஒன்பது மணி, பசை, தலை. யாராவது அதைச் சொல்லுங்களேன். எல்லோரும் எது கூடாது என்று மட்டும் சொல்கிறீர்கள்.

கேள்விக்குறி:
பசைக்கு என்னிடம் பதில் இல்லை. பசை பாட்டிலைப் பரணில் வையுங்கள்.

பொய்க்கு இருக்கிறது. 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளை வைத்து 2014-ல் வந்த ஆய்வு. பொம்மையைத் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு வெளியே போவார்கள். பெரும்பாலும் பார்த்துவிடும். வந்ததும் ஒரு கதை படித்துக் காட்டிவிட்டு, ‘பார்த்தாயா?’ என்று கேட்பார்கள். பொய் சொல்லி மூக்கு நீண்ட பினோக்கியோ, ஓநாய் என்று கத்திக் கடைசியில் மாட்டிக்கொண்ட பையன், இந்தக் கதைகள் உதவவில்லை. மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்ட வாஷிங்டன் என்ற பையனை (பின்னாளில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஆனவர்) அப்பா மெச்சுகிற கதையைக் கேட்ட பிள்ளைகள்தான் அதிகமாக உண்மையைச் சொன்னார்கள். ஆகவே, ‘சொன்னியே, அது நல்லது’ என்பதை முதலில் சொல்லுங்கள், சக்கரத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பழைய பஞ்சாங்கம்:
அந்த வாஷிங்டன் மரம் வெட்டிய கதையே யாரோ கட்டிவிட்டது என்பார்களே? உண்மை பேசக் கற்றுக்கொடுக்க ஒரு பொய்க் கதை. இதற்கு எங்கள் சாமி என்ன பாவம் செய்தார்?

கேள்விக்குறி:
😀 ஒப்புக்கொள்கிறேன் ஐயா. இது ஒன்று உங்களுக்கு.

இரட்டைச்சடை அம்மா:
மூன்று நாள் கழித்து வருகிறேன். கண்கட்டி வற்றிவிட்டது.

இந்த உரையாடல் முழுவதையும் என் கணவர் அத்தைக்குப் படித்துக் காட்டினார். கோபித்துக்கொள்வார் என்று நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அத்தை ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு மகளைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு, “சாமி கண்ணக் குத்தாதுடி. பாட்டி சும்மா சொன்னேன்” என்றார்.

“அப்ப பாட்டி, நீ பொய்யா சொன்ன?”

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு, “ஆமாண்டி” என்றார்.

அவள் மடியில் எழுந்து நின்றாள். பாட்டியின் கண்ணாடியைக் கழற்றினாள். ஒவ்வொரு இமையாகத் தூக்கி உள்ளே பார்த்தாள், டாக்டர் பார்த்த மாதிரியே. “ரெண்டும் நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

அப்புறம் தானாகவே வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். சக்கரம் ஜன்னல் வழியாகப் போய்விட்டது. சுவரில் கிறுக்கியது தம்பி இல்லை. என் போனில் இருந்து யாருக்கோ 14 கைதட்டல் பொம்மைகள் அனுப்பியதும் அவள்தான். (என் மேலதிகாரிக்கு. இப்போதுதான் புரிகிறது அவர் ஏன் “நன்றி” என்று அனுப்பினார் என்று.)

நேற்று ராத்திரி கையாட்டல் திரும்பி வந்தது. எல்லாப் படத்துக்கும் இல்லை. வேலும் சூலமும் இருக்கிற படங்களை இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்கிறாள்.

நூரின் வாப்பா:
மாஷா அல்லாஹ். அத்தைக்கு எங்கள் வீட்டு சலாம் சொல்லுங்கள் சகோதரி.

ராத்தூக்கம் இல்லாதவன்:
பசை பரணுக்குப் போய்விட்டது. இப்போது ஷாம்பூ.

பழைய பஞ்சாங்கம்:
உங்கள் மாமியார் செய்ததை நான் செய்திருப்பேனா என்று தெரியவில்லை அம்மா. பேரப்பிள்ளையிடம் ‘பொய் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்வது லேசில்லை.

இன்று காலை என் பேரன் என் மூக்குக்கண்ணாடியை எங்கோ ஒளித்துவிட்டான். “எடுத்தியா?” என்றேன். “இல்லையே” என்றான். “சாமி…” என்று தொடங்கிவிட்டேன். உங்கள் நினைப்பு வந்து பாதியில் நிறுத்தினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “சாமிக்கும் கண்ணாடி காணோமா தாத்தா?” என்று கேட்டான்.

கண்ணாடி இன்னும் கிடைக்கவில்லை. இதைப் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.